அடி தெரியற தண்ணி

ஒரு தடவை சாம்பார்க் கிண்ணத்தில் பல் கிடந்தது. உடைந்த துண்டு இல்லை, முழுக் கடைவாய்ப் பல், வேரோடு. சாராக்கா அதைக் கரண்டியால் எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்து, கை கழுவுகிற இடத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். "யாரு சாமானுப்பா, எடுத்துட்டுப் போங்க" என்றாள். யாரும் வரவில்லை. மறுநாள் மதியம் வெல்டிங் ஷாப் பொன்னுசாமி அண்ணனுடைய தட்டு கழுவ வந்தபோது அதில் முருங்கைக்காய் கடிபடாமல் முழுசாக இருந்தது. அதற்கு அடுத்த நாளிலிருந்து அவருக்கு மட்டும் சோற்றைக் குழைவாக வைக்கச் சொல்லி சாராக்கா சமையல்காரரோடு சண்டை போட்டாள். பல்லைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓசூரில் எங்கள் கம்பெனி கேன்டீனில் சாராக்கா பதினாலு வருஷமாகத் தட்டு கழுவுகிறாள். ஒரு ஷிஃப்ட்டுக்கு அறுநூறு தட்டு. நான் அதே கம்பெனியில் வயர் கோர்க்கிற லைனில் ட்ரெய்னி. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரிக்கு என்னைப் பிடிக்காமல் போனதால் இங்கே வந்தவள். ரெண்டு பேருக்கும் வீடு மூக்கண்டப்பள்ளியில், ஒரே லைன் வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள்.

அவள் வேலையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தால் மூணு நாள் சோறு இறங்காது. மென்று துப்பின கறிவேப்பிலை, சப்பிப் போட்ட எலும்பு, மோரில் ஊறின பீடி, தட்டுக்கு அடியில் ஒட்டின சூயிங்கம். ஹான்ஸ் புகையிலைப் பாக்கெட்டை ரசத்துக்குள் முக்கி வைத்துவிட்டுப் போகிற பெரிய மனுஷங்களும் உண்டு. மூணு தொட்டி. முதல் தொட்டியில் எச்சில் போகணும், ரெண்டாவதில் சோப்பு, மூணாவதில் சுடுதண்ணி. முதல் தொட்டித் தண்ணி பத்தாவது தட்டிலேயே பழுப்பாகிவிடும். மேலே எண்ணெய் மிதக்கும், அதற்கு மேலே பருக்கை மிதக்கும்.

"பதினாலு வருஷமாச்சு பெனி. இந்தத் தொட்டிக்கு அடின்னு ஒண்ணு இருக்குதான்னே எனக்குத் தெரியாது. கைய விட்டாத் தட்டுப்படும், அவ்ளோதான்" என்பாள்.

யாருடைய தட்டு என்று பார்த்தே சொல்லுவாள். ஹெச்.ஆர். திருமலை சார் எலும்பைத் தட்டில் போட மாட்டார், தண்ணி டம்ளருக்குள் போடுவார். தட்டு சுத்தமாக இருக்கணுமாம். டம்ளரில் இருந்து அந்த எலும்பை விரல் விட்டுத் தோண்டி எடுக்கிறவள் எப்படி இருந்தால் அவருக்கென்ன?

இப்படி ஊர் எச்சிலில் கை வைக்கிற சாராக்கா தன் வாயை எந்தப் பாத்திரத்திலும் வைக்க மாட்டாள். டீ, தண்ணி, கோயிலில் குடுக்கிற ஜூஸ், எதுவானாலும் அண்ணாந்துதான். சூடான டீயை அண்ணாந்து குடிக்கிறவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு நாள் விளையாட்டுக்கு அவள் குடிக்கும்போது டம்ளரின் அடியை லேசாகத் தட்டிவிட்டேன். உதட்டில் பட்டுவிட்டது. அடித்துவிட்டாள், என்னை. அப்புறம் அவளே உட்கார்ந்து சொன்னாள். கெலமங்கலம் பக்கம் அவள் ஊரில், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவள் அப்பா ராயப்பன், டீக்கடைக்குப் போனால் கூரையில் செருகியிருக்கிற தனி கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு, அவரே கழுவி, அங்கேயே செருகணும்.

"அவங்க எச்சில நாம வழிக்கலாமாம். நம்ம வாய் பட்டத அவங்க தொடக் கூடாதாம். எந்தத் தொட்டியில முக்குனாலும் இந்த அழுக்கு போவாதுடி. அதான், என் வாய் பட்டுச்சுன்னு ஒருத்தன் மூஞ்சியச் சுளிக்க நான் எடமே குடுக்கறதில்ல."

அதற்கப்புறம் அவள் டம்ளரோடு நான் விளையாடவில்லை. மற்றவர்கள் டம்ளரோடு விளையாடினேன், அது வேற கதை.

டீ டைமில் என் போனில் வீடியோ பார்ப்போம். ஒரு நாள் கடலுக்குள்ளே மீன் பார்க்கிற வீடியோ வந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரி தண்ணிமேல் குப்புற மிதக்கிறாள். கீழே மீன், பவளம், மணல். சாராக்கா மீனைப் பார்க்கவில்லை.

"நிறுத்துடி, நிறுத்து. தே பாரு. இவ்ளோ ஆழம், அடி தெரியுது."

"கடல்னா அப்படித்தான்க்கா."

"எப்படித்தான்? இத்தனை உசுரு அதுலதான் திங்குது, அதுலதான் பேலுது. அப்புறமும் எப்படி அடி தெரியுது?"

எனக்கு என்ன தெரியும். கெமிஸ்ட்ரியில் பதினொரு மார்க் வாங்கினவளிடம் கேட்கிற கேள்வியா அது. அந்த வீடியோவை அவள் அன்றைக்கு மட்டும் ஆறு தடவை போடச் சொன்னாள். அப்புறம் தினமும். "ஒரு தடவ நேர்ல பாத்துட்டாப் போதும்டி" என்றாள். அவள் எதையும் வேணும் என்று கேட்டு நான் கேட்டதே இல்லை. அதனால்தான் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் குலுக்கல் உண்டு. போன வருஷம் பரிசு டூர். ஏழு பேருக்கு, ஆளுக்கு ஒரு துணையோடு, கர்நாடகாக் கடலோரம் முருடேஸ்வரம். கூடவே படகில் தீவுக்குப் போய்க் கடலுக்குள் மீன் பார்க்கிறது, அதான் ஸ்நார்க்ளிங். பர்மனென்ட் ஆட்கள் மட்டும் சீட்டு எழுதிப் போடலாம். கேன்டீன் ஆட்கள் காண்ட்ராக்ட், அவர்களுக்குப் பொரியும் அரைக்கிலோ ஸ்வீட்டும். நான் சாராக்கா பேரில் முப்பத்தோரு சீட்டு போட்டேன். விதவிதமான பேனா, விதவிதமான கையெழுத்து. படிப்பில் இந்த உழைப்பைப் போட்டிருந்தால் இந்நேரம் நான் பர்கூர் காலேஜில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருப்பேன்.

சீட்டை எடுத்தது வெளியிலிருந்து வந்த விருந்தாளி. அவருக்கு ஒன்றும் தெரியாது. மைக்கில் கணீரென்று "சாராள், கேன்டீன்" என்றார். லைன் மொத்தமும் விசிலடித்தது. திருமலை சார் முகம் தயிரில் பல்லி விழுந்ததைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளி முன்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கைதட்டினார்.

பூஜை முடிந்து பந்தலைக் கூட்டினது சாராக்காதான். சீட்டுப் பெட்டியைக் கவிழ்த்துக் குப்பையில் கொட்டும்போது அவள் பேரே ஒன்று மாற்றி ஒன்றாக விழுந்திருக்கிறது. சாயங்காலம் சுவரைத் தட்டினாள்.

"எத்தனடி போட்ட?"

"என்னது?"

"பெனிஷா."

"முப்பத்தொண்ணு."

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாதரிடம் சொல்லிவிட்டு வந்தாள். "போயிட்டு வா, வந்ததும் மூணு வாரம் கோயில் பெருக்கி விடுன்னாரு. ஒனக்கும் சேத்துதான். தொணைக்கு நீதான் வர்ற. எங்க அக்கா பொண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டேன், வாயத் தொறந்து கெடுக்காத." ஒரு பொய்க்குப் பிராயச்சித்தம் வாங்கிக்கொண்டு வருகிற வழியிலேயே இன்னொரு பொய். இவளிடம்தான் நான் படித்திருக்கணும்.

ஜனவரியில் போனோம். கூடத் தட்டு கழுவுகிற கெம்பம்மாவிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாள். பஸ்ஸைப் பற்றி எழுதினால் வாந்தி வரும். பஸ்ஸே அப்படித்தான் இருந்தது. ஒருத்தர் பிளாஸ்டிக் கவரில் வாந்தி எடுத்து முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக வீசுவதாக நினைத்து, கம்பியில் அடித்து, தன் மடியிலேயே வாங்கிக்கொண்டார். திருமலை சார் டூர் பொறுப்பாளராகத் தன் வீட்டம்மா ரூபாவோடு வந்திருந்தார். ரூபா மேடம் யார் சிப்ஸ் நீட்டினாலும் இரண்டு விரலால் ஒன்றே ஒன்றை எடுத்து, கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். தின்னவில்லை.

காலையில் படகு. கடல் நாற்றம் என்று நினைத்தேன், டீசல் நாற்றம். ஒன்றரை மணி நேரம் குலுக்கி எடுத்தது. இட்லி சாப்பிட்டு வந்தவர்கள் வரிசையாக விளிம்புக்குப் போனார்கள். தீவு வந்தபோது பாதிப் பேருக்கு முகம் வெந்தயக்கீரை கலரில் இருந்தது. நங்கூரம் போட்டதும் கைடு எழுந்தார். நாகேஷ் என்று பேர், கன்னடக்காரர், வெயிலில் கறுத்த ஒல்லியான ஆள். ஒரே மிதவை வளையம், அதைச் சுற்றி நாலு பேர் பிடித்துக்கொள்ளணும், அவர் இழுத்துப் போவார். நாலு நாலு பேராக, ஆளுக்கு முக்கால் மணி நேரம். "மூகல்லி உசிராடபேடி, பாயல்லி மாத்ர" என்றார். மூக்கால மூச்சு விடாதீங்க, வாயால மட்டும் என்று சாராக்கா எல்லாருக்கும் தமிழில் சொன்னாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே கன்னடம் வரும். அவள் குரலே வேறாக இருந்தது. படகின் விளிம்புக்கு வெளியே அவள் கண் போய்ப் போய் வந்தது. மேலே இருந்து பார்த்தால் கறுப்பும் பச்சையுமாக ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் நாகேஷ் ஒரு கண்ணாடியை எடுத்து அதற்குள் காறித் துப்பினார்.

துப்பி, விரலால் தேய்த்து, கடல்தண்ணியில் அலசி, முன்வரிசையில் இருந்தவரிடம் நீட்டினார். எச்சில் தேய்த்தால் கண்ணாடியில் ஆவி படியாதாம். எல்லா ஊரிலும் அப்படித்தானாம். சாராக்கா "தூ" என்று கத்தினாள். அதோடு போச்சா, குழாய்களை எடுத்தார். ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதில் அழுக்குக் கடல்தண்ணி, அதற்குள் எட்டுக் குழாய். நேற்று வந்தவன், முந்தாநாள் வந்தவன் எல்லாரும் கடித்த ரப்பர். நாலு குழாயில் கடிக்கிற இடமே பிய்ந்து போயிருந்தது. மிச்சம் நாலில் ஒன்றில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. அது என்ன என்று நான் யோசிக்கவில்லை. இப்பவும் யோசிக்கவில்லை.

"ஒரே தொட்டியா?" என்றாள் சாராக்கா.

யாரும் புரிந்துகொள்ளவில்லை. எனக்குப் புரிந்தது. "அக்கா, நீ உக்காரு. நீ டூருக்கு வந்திருக்க" என்றேன்.

"கண்ணால பாத்துட்டு எப்படிடி உக்கார்றது?"

எழுந்துவிட்டாள். படகில் இருந்த மூணு பக்கெட்டை வரிசையாக வைத்தாள். முதலில் கடல்தண்ணி. ரெண்டாவதில் பையிலிருந்து எடுத்த துணி சோப்பு வில்லை. அதை எதற்கு டூருக்கு எடுத்து வந்தாள் என்று கேட்காதீர்கள். மூணாவதில் கேனில் இருந்த நல்ல தண்ணியும் அவள் ஃபிளாஸ்க் சுடுதண்ணியும். நாலு குழாய், நாலு கண்ணாடி. ரப்பரை மடக்கித் திருப்பி, குழாய்க்குள் விரல் விட்டு, பத்து நிமிஷத்தில் பளபளவென்று கொண்டுவந்துவிட்டாள். எல்லாரும் "ஆகா" என்றார்கள். முதல் நாலு பேர் சந்தோஷமாக வாயில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

அவள் செய்த தப்பு அதுதான். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரிந்தும் செய்தாள். முதல் நாலு பேர் மூக்கு ஒழுக, எச்சில் ஒழுகப் படகில் ஏறினார்கள். ஒருத்தராவது குழாயைக் கீழே வைக்கணுமே. நாலு பேரும் நேராக அவளிடம் போய் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கேன்டீனில் ஜன்னல் வழியாகத் தட்டைத் தள்ளுவார்களே, அதே மாதிரி, முகத்தைக்கூடப் பார்க்காமல். அவளும் வாங்கிக் கழுவினாள். அடுத்த நாலு பேர் போனார்கள். வந்தார்கள். கொடுத்தார்கள். ஒருத்தர் வாயில் இட்லித் துணுக்கு இருந்திருக்கும் போல, அது குழாயில் இருந்தது. திருமலை சார் ரெண்டாவது கூட்டத்தில் போனவர். தன் குழாயை நீட்டி, "சாராம்மா, இதையும் பாத்துக்கோங்க" என்றார். வழக்கம்போல எனக்கு அவர் எலும்பு போட்ட டம்ளர் ஞாபகம் வந்தது. கடலில் அவரைத் தள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், பிரயோஜனம் இல்லை.

ஐநூறு கிலோமீட்டர் தாண்டி, ஒரு கடலைத் தாண்டி வந்தும் அவள் குனிந்துகொண்டுதான் இருந்தாள். முதல் பக்கெட் தண்ணி பழுப்பாக இருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ற?"

"நம்ம முறை வரட்டும்டி."

"வராது. பாத்துக்கிட்டே இரு."

நான் அதைச் சொல்லி வாய் மூடவில்லை, படகோட்டி காற்று ஏறுகிறது என்றார். ரெண்டாவது கூட்டத்தில் ஒருத்தர் தண்ணிக்குள்ளேயே வாந்தி எடுத்து அரை மணி நேரம் அதிலேயே போய்விட்டது. இருபது நிமிஷத்தில் கிளம்பணும், கடைசியாக ஒரே ஒரு கூட்டம், அதுவும் சீக்கிரம் என்றார் நாகேஷ். வாந்தியில் சுருண்டு படுத்தவர்கள் போக மிச்சம் இருந்தது நான், சாராக்கா, பெயிண்ட் ஷாப் தினேஷ்குமார், அவர் மனைவி லிபியா. சரியாக நாலு பேர், நாலு குழாய். சாராக்கா கடைசியாகத் தன் குழாயை மட்டும் மூணு தடவை கழுவி, மிச்சமிருந்த சுடுதண்ணியை அதன்மேல் ஊற்றி, கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ரூபா மேடத்துக்கு மனசு மாறியது. வந்ததிலிருந்து வாந்தி வருகிறது என்று மூலையில் உட்கார்ந்திருந்தவர், எல்லாரும் மீன், மீன் என்று பேசுவதைக் கேட்டு எழுந்துவிட்டார். "நானும் போறேங்க" என்றார் வீட்டுக்காரரிடம்.

நான் என் குழாயை எடுத்து நீட்டினேன். "இத எடுத்துக்கோங்க மேடம். ரெண்டு தடவதான் கடிச்சேன்."

"சீ!" என்றார்.

அந்த 'சீ'யைக் கேட்கத்தான் கடித்தேன். ஆனால் அதுதான் எனக்கு வினையாகப் போனது. தினேஷ்குமாரும் லிபியாவும் முன்னாடியே வாயில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ரூபா மேடம் கண் சுற்றிச் சுற்றி வந்து சாராக்கா கழுத்தில் நின்றது. "அது யாரும் வாயில வைக்காதது இல்ல?"

"ஆமாமா, சாராம்மா சுத்தமா கழுவி வெச்சிருக்காங்க" என்றார் திருமலை சார். திரும்பினார். "சாராம்மா, அத இப்படிக் குடுங்க. நீங்க எப்படியும் கழுவிக்கிட்டுதானே இருக்கீங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது. விடிகிறது, பொழுது போகிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எல்லாரும் கீழே பார்த்தார்கள். எனக்கு வாயில் ஏகப்பட்ட கெட்ட வார்த்தை வந்தது. சாராக்கா கை கழுத்துக்குப் போனது. பட்டையைக் கழற்றினாள். குழாயைக் கையில் எடுத்தாள். பதினாலு வருஷமாக ஜன்னலில் யார் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுத்த கை அது, தானாகவே நீண்டது. ரூபா மேடமும் கைக்குட்டையோடு கையை நீட்டினார்.

கை பாதி வழியில் நின்றது. சாராக்கா அந்தக் குழாயைப் பார்த்தாள். அப்புறம் ரூபா மேடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அதை வாய்க்குள் வைத்தாள்.

சும்மா வைக்கவில்லை. உதடு முழுக்க மூடி, பல்லால் கடித்து, கரும்பை மெல்லுகிற மாதிரி ரெண்டு பக்கமும் மென்றாள். வெளியே எடுத்தாள். அதிலிருந்து அவள் எச்சில் ஒரு கயிறாக இறங்கியது.

"இந்தாங்கம்மா" என்றாள், ரொம்ப மரியாதையாக. "வேணுங்களா?"

ரூபா மேடம் கையை இழுத்துக்கொண்டார், தணலைத் தொட்ட மாதிரி. லிபியா குழாயைக் கவ்விக்கொண்டே சிரித்ததில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சாராக்கா தன் கண்ணாடியை எடுத்தாள். அதற்குள் காறித் துப்பினாள். நாகேஷைவிட நல்லாத் துப்பினாள். விரலால் அழுத்தித் தேய்த்து, அலசி, மாட்டிக்கொண்டாள்.

"பெனி, எறங்குடி" என்றாள்.

தண்ணி சில்லென்று இருந்தது. சுடிதார் பேன்ட் காற்று பிடித்துப் பூரி மாதிரி உப்பியது. வளையத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் முகத்தைக் கவிழ்த்தோம். முதல் மூச்சிலேயே எனக்கு உப்புத்தண்ணி தொண்டையில் போனது. அது சும்மா உப்புத்தண்ணியாக இருந்தால் பரவாயில்லை. எங்களுக்கு முன்னாடி எட்டுப் பேர் அதில் ஒன்றுக்குப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றித் தொலைத்தது. இருமினேன், துப்பினேன், மறுபடி கவிழ்ந்தேன்.

வீடியோ மாதிரி எல்லாம் இல்லை. பவளம் முக்கால்வாசி பழுப்பு, காய்ந்த காலிஃபிளவர் மாதிரி. சில இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு பிஸ்கட் கவர் பாறை இடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கறுப்பு ஜந்து, வெள்ளரிக்காய் சைஸ், மணலில் படுத்துக்கொண்டு ஒரு பக்கம் மண்ணைத் தின்று மறுபக்கம் மண்ணாகவே விட்டுக்கொண்டிருந்தது. இதைப் பார்க்கவா முப்பத்தோரு சீட்டு எழுதினேன் என்று இருந்தது.

ஆனால் அடி தெரிந்தது. மூணு ஆள் ஆழம் இருக்கும். மணலில் படகு நிழல், அதற்குப் பக்கத்தில் எங்கள் நாலு பேர் நிழல். சாராக்கா நிழல் ஆடவே இல்லை.

மேலே படகில் யாரோ மறுபடி விளிம்புக்கு வந்தார்கள். யார் என்று தெரியவில்லை, ரூபா மேடமாகத்தான் இருக்கணும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மேலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் இறங்கியது. இட்லி. சட்னிகூடத் தெரிந்தது. அடுத்த வினாடி எங்கிருந்தோ மஞ்சளும் கறுப்புமாக மீன்கள், நூறோ இருநூறோ. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தின்றன. பெரியது பெரிய துண்டை, சின்னது பொடியை, அதைவிடச் சின்னது தூளை. கீழே விழுந்ததை மணலில் இருந்த ஒரு நண்டு எடுத்துக்கொண்டது. பத்து மூச்சு விட்டிருப்பேன். தண்ணி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

சாராக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். தலையைத் தூக்கி, குழாயைக் கழற்றி, மூச்சு வாங்கினாள். "பாத்தியாடி? பாத்தியா? எத்தன பேரு வேல செய்யறாங்க பாரு! ஆள் பத்தலன்னு பேச்சே இல்ல!"

"அக்கா, அது வாந்திக்கா."

"நான் பாக்காத வாந்தியாடி?" மறுபடி கவிழ்ந்துவிட்டாள்.

எனக்கு அதற்குமேல் முடியவில்லை. படகில் ஏறி நானும் என் பங்குக்கு மீன்களுக்குப் போட்டேன். திருமலை சார் பக்கத்தில் நின்றிருந்தார். குழாயை, ஒழுக ஒழுக, அவர் கையில் கொடுத்தேன். கை தானாக வாங்கிக்கொண்டது. வாங்கினதுக்கப்புறம் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நாகேஷ் விசில் அடித்தார். தினேஷ்குமாரும் லிபியாவும் ஏறினார்கள். சாராக்கா வரவில்லை. வளையத்தில் அவள் மட்டும், குப்புற, முடி விரிந்து, முதுகில் வெயில் அடிக்க. நாகேஷ் அவள் தோளைத் தொட்டுப் படகைக் காட்டினார். அவள் தலையைத் தூக்காமல் ஒரு கையால் அவரைத் தள்ளிவிட்டாள். படகோட்டி இன்ஜினைப் போட்டார், புகை வந்தது.

"சாராம்மா! டைம் ஆச்சு! எல்லாரும் வெய்ட் பண்றாங்க!" திருமலை சார் கத்தினார்.

இந்தக் குரலில் கூப்பிட்டால் அவள் எங்கே இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறதைப் பார்த்திருக்கிறேன். சாராக்கா முகத்தைத் தூக்கினாள். கண்ணாடி அழுந்தின வட்டம் முகத்தில் சிவப்பாக இருந்தது. மூக்கு ஒழுகியது, உதடு வீங்கியிருந்தது. அவ்வளவு கோரமாக அவளை நான் பார்த்ததில்லை. அவ்வளவு அழகாகவும்.

"இன்னும் பாத்து முடிக்கல சார். அஞ்சு நிமிஷம் இருங்க."

பதிலுக்கு நிற்கவில்லை. குழாயைக் கவ்விக்கொண்டு கவிழ்ந்தாள். காது தண்ணிக்குள் போய்விட்டது, இனி யார் கத்தியும் பிரயோஜனம் இல்லை. நாகேஷ் சிரித்துக்கொண்டே வளையத்தைப் படகிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போனார். படகோட்டி திருமலை சாரைப் பார்த்தார், தண்ணியைப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார்.